பாலிஷ் போடாதீர்கள், சுடுங்கள்

போன இதழில் என் பழைய .22 ரைஃபிளைப் பற்றி (கால் அங்குலத்துக்கும் மெலிந்த தோட்டா போடுவது) அரைப் பக்கம் எழுதினாலும் எழுதினேன், ஆசிரியர் ஒரு கட்டுக் கடிதத்தைக் கொண்டுவந்து மேசைமேல் போட்டுவிட்டார். பாதிக் கடிதங்கள் காட்டுப்பன்றி பற்றி. மீதியில் கொஞ்சத்தை எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். புதிதாகப் படிப்பவர்களுக்கு என்னைப் பற்றி இரண்டு வரி. வால்பாறையில் தேயிலை எஸ்டேட் ஆபீசில் 31 வருஷம் கணக்கெழுதினேன். இப்போது பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில், மாமனார் வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் இருக்கிறேன். ஓய்வு பெற்றுப் போன மேனேஜர் ஒருவரிடமிருந்து 1991-இல் முறைப்படி லைசன்ஸில் ஏற்றி வாங்கியது என் ரைஃபிள். செக்கோஸ்லோவாகியாவில் பிர்னோ நகரத் தொழிற்சாலை செய்தது. பிரென் மெஷின்கன் என்கிறார்களே, அந்தப் பெயரின் முதல் பாதி இந்த ஊர்தான். ஐந்து தோட்டா மேகசின், மெலிந்த வால்நட் கட்டை, பேரலில் சிங்க முத்திரை, பக்கத்தில் 56 என்ற எண். 1956-இல் சோதித்து விட்டார்கள் என்று அர்த்தம். என்னைவிட ஒரு வயது மூத்தது.

முதலமடையிலிருந்து ஒரு மாந்தோப்புக்காரர்: தாத்தா வாங்கிய பி.எஸ்.ஏ. கம்பெனி ஒற்றைத் தோட்டா .22 இருக்கிறது. கீழே லீவரை இழுத்தால் திறக்கும். அப்பா தவறியபின் பீரோவிலிருந்து எடுத்தோம். கட்டை கறுத்திருக்கிறது, இரும்பு சாம்பல் நிறம். இழைத்துப் பாலிஷ் போட்டு, இரும்புக்கு நீலம் ஏற்றிப் புதுசு மாதிரி பண்ணித் தருவதாக ஒருவர் சொல்கிறார். செய்யலாமா?

முதலில் ஒரு விஷயம். லைசன்ஸ் அப்பா பெயரில்தானே இருந்தது? அவரோடு அதுவும் முடிந்துவிட்டது. இப்போது உங்கள் பீரோவில் இருப்பது லைசன்ஸ் இல்லாத துப்பாக்கி. இந்த இதழை மூடிவைத்துவிட்டு, போலீஸ் ஸ்டேஷனிலோ லைசன்ஸ் உள்ள துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். வாரிசு என்று பாலக்காட்டில் விண்ணப்பம் போடுங்கள். பாலிஷ் பேச்செல்லாம் அப்புறம்.

சரி, லைசன்ஸ் கைக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் பாலிஷ் வேண்டாம்.

உங்களிடம் இருப்பது மார்ட்டினி வகை, கீழ் லீவரால் திறந்து மூடுவது. தென்னாப்பிரிக்காவில் போயர் யுத்தம் 1902-இல் முடிந்த பிறகு, நம் ஆட்களுக்குக் குறி பார்க்கவே தெரியவில்லை என்று இங்கிலாந்தில் ஒரு கவலை பிடித்துக்கொண்டது. ஊருக்கு ஊர் சிறிய ரைஃபிள் கிளப்புகள் முளைத்தன. அவற்றுக்காகவே பர்மிங்ஹாமில் பி.எஸ்.ஏ. இந்தச் சின்ன மார்ட்டினிகளைச் செய்து தள்ளியது. பக்கவாட்டில் மூன்று ரைஃபிள்களைக் கூடாரம்போல் சாய்த்து நிறுத்திய படம் இருக்கும், பாருங்கள். அது கம்பெனி முத்திரை. பேரலின் அடிப்பக்கம் கிரீடம் வைத்து எழுத்துகள் இருக்கும். அது 1813-இல் தொடங்கிய பர்மிங்ஹாம் சோதனைச் சாலையின் முத்திரை. பாலிஷ் சக்கரத்தில் வைத்தால் முதலில் மழுங்குவது இந்த இரண்டும்தான்.

எனக்கு எப்படித் தெரியும்? நானே செய்த மடத்தனம். 1993-இல் கோயம்புத்தூரில் ஒருவரிடம் என் பிர்னோவைக் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்துப் போனால், ரைஃபிள் கல்யாண வீட்டு நாற்காலி மாதிரி பளபளவென்று இருந்தது. வார்னிஷ். பிடிக்கும் இடத்தில் ஊசிமுனை ஊசிமுனையாக இருந்த சதுரக் கோடுகள் தேய்ந்து வழுவழுவென்று ஆகிவிட்டன. சிங்கத்துக்கு வால் போய்விட்டது. இதெல்லாம்கூடப் போகட்டும். கட்டையின் பின்தகடு மரத்தோடு நூல் பிடித்தாற்போல் சமமாக உட்கார்ந்திருக்க வேண்டும். மரத்தை இழைத்துவிட்டதால் தகடு முடி அளவுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. இன்றைக்கும் தோளில் வைக்கும்போது, சட்டைத் துணியில் அந்த விளிம்பு ஒரு தடவை மாட்டிவிட்டுத்தான் உட்காரும். மாட்டும்போதெல்லாம் நூற்றைம்பது ரூபாய் கொடுத்து அதை வாங்கிக்கொண்டது ஞாபகம் வரும்.

கட்டை கறுத்திருப்பது அழுக்கும் வியர்வையும் பழைய எண்ணெயும். பிழிந்த ஈரத் துணியால் துடைத்து, காய்ந்ததும் ஆளிவிதை எண்ணெய் இரண்டு சொட்டு உள்ளங்கையில் விட்டுச் சூடு ஏறும் வரை தேயுங்கள். இரண்டே சொட்டு. இரும்பின் சாம்பல் நிறத்துக்கு மெல்லிய எண்ணெய் தடவி, ஒரு ராத்திரி விட்டு, பழைய பனியன் துணியால் துடைத்தால் போதும். சாம்பல் நிறம் துரு அல்ல, வயது.

நீங்கள் பார்க்க வேண்டியது உள்ளே. லீவரை இழுத்து, தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்யுங்கள். பெரும்பாலான சின்ன மார்ட்டினிகளில் ஒரே ஆணியைத் தள்ளினால் உள்வேலை மொத்தமும் ஒரு கட்டியாகக் கையோடு வந்துவிடும். அந்தக் காலத்து மூளை! பிறகு பேரலைப் பின்பக்கத்திலிருந்து ஜன்னல் வெளிச்சத்துக்குக் காட்டிப் பாருங்கள். முறுக்குக் கோடுகள் கண்ணாடி வளையல் மாதிரி சுற்றிச் சுற்றிப் போனால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. கறுப்புப் புள்ளி புள்ளியாக அம்மைத் தழும்பு மாதிரி இருந்தால், தாத்தா காலத்துத் தோட்டா வேலை பார்த்திருக்கிறது. அது ஏன் என்று கீழே இன்னொருவருக்குச் சொல்லியிருக்கிறேன். தழும்பு இருந்தாலும் மனம் விட வேண்டாம். அப்படிப்பட்ட பேரல்கள் 50 மீட்டரில் வெட்கப்படாத அளவுக்குச் சுடுவதைப் பார்த்திருக்கிறேன்.

வேலந்தாவளத்திலிருந்து ஒரு விவசாயி (இதே கேள்வியை இன்னும் ஒன்பது பேர்): பன்றி நிலக்கடலையை உழுதுவிட்டுப் போகிறது. .22-ஆல் அடிக்கலாமா?

கூடாது. சட்டம் இருக்கட்டும், முதலில் கணக்கைப் பாருங்கள். .22 தோட்டாவின் ஈயக் குண்டு இரண்டரை கிராமுக்குச் சற்று மேல். சாதாரணத் தோட்டா பேரல் முனையில் தரும் ஆற்றல் 140 ஜூல் அளவு. ஒரு குவிண்டால் பன்றியின் தோள் கொழுப்பை அது தாண்டினாலே பெரிது. பன்றி ஓடிப்போய் உங்கள் பக்கத்துக் காட்டுக்காரர் கரும்பில் மூன்று நாள் கிடந்து அழுகிச் சாகும், அல்லது அதைப் பார்க்கப் போனவர் தொடையைக் கிழிக்கும். தவறிய குண்டோ ஒரு மைலுக்கு மேல் போகும். தோட்டாப் பெட்டியிலேயே அச்சடித்திருப்பார்கள். நம் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகா சமவெளியில் ஒரு மைலுக்குள் எத்தனை வீடு, எத்தனை களத்துமேடு என்று எண்ணிப் பாருங்கள்.

சட்டமும் எல்லைக்கு எல்லை வேறு. கேரளாவில் 2022 முதல் உள்ளாட்சித் தலைவர்களுக்குப் பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தைக் கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் உத்தரவு போட்டு, அனுமதி பெற்ற துப்பாக்கிக்காரர் வந்து சுட வேண்டும். தமிழ்நாட்டில் 2025-இல் வந்த ஏற்பாட்டின்படி, காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால்தான், அதுவும் வனத்துறை ஆட்கள்தான் சுடலாம். உங்கள் தோட்டம் எந்தப் பக்கம், வீடு எந்தப் பக்கம் என்று எழுதவில்லை. எந்தப் பக்கமானாலும் நீங்களாக எடுத்துக்கொண்டு போக முடியாது. மயிலைப் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். அவர் பெயரையும் ஊரையும் போடாமல் விடுகிறேன், அவருக்கு நல்லது.

உடுமலைப்பேட்டையிலிருந்து ஒரு கல்லூரி ஆசிரியர்: மாமா விட்டுச் சென்ற .22 என் பெயருக்கு மாறிவிட்டது. கிளப்பில் சேர்ந்திருக்கிறேன். எந்தத் தோட்டா நல்லது? மாமாவின் பழைய தோட்டாப் பெட்டிகளும் இரண்டு இருக்கின்றன.

பழைய பெட்டிகளைச் சுடாதீர்கள். லைசன்ஸில் கணக்குச் சொல்லி, துப்பாக்கிக் கடையில் ஒப்படையுங்கள். .22 மாதிரி ரிம்ஃபயர் தோட்டாவில், பற்றவைக்கும் மருந்து அடித்தட்டின் விளிம்புக்குள் வளையமாக இருக்கிறது. வயதானால் அந்த வளையத்தில் ஒரு பக்கம் உதிர்ந்திருக்கும், ட்ரிகரை அழுத்தியதும் பாயும் ஊசி அந்தப் பக்கம் அடித்தால் வெடிக்காது. வெடித்தாலும் சில நேரம் தாமதமாக வெடிக்கும். "டிக்" என்று மட்டும் கேட்டால், குழலை இலக்கை நோக்கியே வைத்துக்கொண்டு முப்பது எண்ணிவிட்டுத் திறங்கள்.

மேலே மாந்தோப்புக்காரருக்குச் சொன்ன அம்மைத் தழும்பின் கதை இதுதான். 1920-களின் பிற்பகுதி வரை, சில கம்பெனிகளில் அதற்கு அப்புறமும், அந்த வளையத்தில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. எரிந்த பிறகு பேரலுக்குள் மிஞ்சுவது ஒரு வகை உப்பு. உப்பு ஈரத்தை இழுக்கும், ஈரம் இரும்பைத் தின்னும். எண்ணெய் போட்டுத் துடைத்தால் உப்பு கரையாது. வெந்நீர் ஊற்றியவர்களின் பேரல் பிழைத்தது, எண்ணெயை மட்டும் நம்பியவர்களின் பேரல் போயிற்று.

இன்றைய தோட்டாவில் அந்தத் தொல்லை இல்லை. .22 லாங் ரைஃபிள் என்ற இந்தத் தோட்டா 1887-இல் அமெரிக்காவில் ஸ்டீவன்ஸ் கம்பெனி கொண்டுவந்தது. இன்னும் அதே அளவுதான். வாங்கும்போது 'ஸ்டாண்டர்ட்' வேகம் என்று கேட்டு வாங்குங்கள். நொடிக்கு 325 மீட்டர் சுமார், ஒலியைவிடச் சற்றுக் குறைவு. 'ஹை வெலாசிட்டி' வேகமானது, ஆனால் போகிற வழியில் ஒலிவேகத்துக்குக் கீழே இறங்கும்போது தடுமாறும். இன்னொரு வேடிக்கை, காற்று அதைத்தான் அதிகம் தள்ளும். வேகமாகப் போவதைக் காற்று குறைவாகத்தானே தள்ளும் என்று தோன்றும். நானும் அப்படித்தான் ரேஞ்சில் ஒரு பையனோடு சண்டை போட்டேன். காற்றில் யார் அதிக வேகத்தை இழக்கிறார்களோ அவர்கள்தான் அதிகம் ஒதுங்குகிறார்கள். பையன் சொன்னதுதான் சரி.

காற்று என்றால் எங்களிடம் கேளுங்கள். பாலக்காட்டுக் கணவாய்க்கு நேரே குடியிருக்கிறோம். ஆடியில் மேற்கிலிருந்து, மார்கழி தையில் கிழக்கிலிருந்து. பக்கவாட்டில் மணிக்குப் பதினாறு கிலோமீட்டர் காற்று அடித்தால், 50 மீட்டரில் குண்டு ஓர் அங்குலம் போல ஒதுங்கும். போட்டி இலக்கில் பத்துப் புள்ளி வட்டம் 10.4 மில்லிமீட்டர், அதாவது சட்டைப் பொத்தான். ஓர் அங்குலம் ஒதுங்கினால் பத்து ஏழாகிவிடும். அதனால் நான் ரேஞ்சுக்குக் காலை ஆறரைக்குப் போய் எட்டு மணிக்கெல்லாம் மூட்டை கட்டிவிடுவேன். தென்னை ஓலை நுனி ஆடத் தொடங்கியதும் எனக்கு அன்றைய கணக்கு முடிந்தது.

எந்தக் கம்பெனி என்று கேட்டீர்கள். உங்கள் ரைஃபிளைத்தான் கேட்க வேண்டும். ஒரே தொழிற்சாலையில் அடுத்தடுத்துச் செய்த இரண்டு பேரல்களுக்கு ஒரே தோட்டா பிடிக்காது. கிளப்பில் கிடைப்பதில் மூன்று வகை வாங்கி, மணல் மூட்டையில் சாய்த்து, ஒவ்வொன்றிலும் ஐந்தைந்தாக நாலு அட்டை சுடுங்கள். வகை மாற்றும்போது முதல் பத்துத் தோட்டாவைக் கணக்கில் சேர்க்காதீர்கள். குண்டின் மேல் பூசிய மெழுகு பேரலில் படிந்த பிறகுதான் அது தன் குணத்தைக் காட்டும். அந்த மெழுகுக்காகவே சொல்கிறேன், தோட்டாவைச் சட்டைப் பையில் போடாதீர்கள். பஞ்சும் மணலும் ஒட்டிக்கொண்டு பேரலுக்குள் உப்புத்தாள் தேய்த்த மாதிரி போகும்.

நெல்லியாம்பதியிலிருந்து ஒரு எஸ்டேட் நண்பர்: மழைக்காலத்தில் எப்படிப் பாதுகாப்பது? எங்கள் பக்கம் எல்லோரும் தேங்காய் எண்ணெய்தான் தடவுகிறார்கள்.

நானும் தடவியிருக்கிறேன். 1992 மார்கழி, வால்பாறை, கிளப்புக்குப் பின்னால் மண்மேட்டில் அட்டை வைத்துச் சுடும் காலம். விடிகாலையில் புல்லெல்லாம் வெள்ளை பூத்துக் கிடந்தது. படுத்து, மூச்சைப் பாதி விட்டு, ட்ரிகரை அழுத்தினேன். 'டிக்'. இன்னொரு தோட்டா. 'டிக்'. ஐந்தும் அப்படியே. எடுத்துப் பார்த்தால் பித்தளை விளிம்பில் நகம் பட்ட மாதிரி ஒரு லேசான தடம், அவ்வளவுதான். மத்தியானம் வெயில் வந்ததும் அதே ரைஃபிள் ஒரு தோட்டா விடாமல் சுட்டது. பேரலைப் பின்னாலிருந்து மூடும் போல்ட்டைக் கழற்றிப் பார்த்தபோதுதான் புரிந்தது. உள்ளே ஸ்பிரிங்கைச் சுற்றித் தேங்காய் எண்ணெய், நெய் உறைந்த மாதிரி. குளிரில் உறைந்து ஊசியின் ஓட்டத்தையே பிடித்துக்கொண்டிருக்கிறது. கோயம்புத்தூரில் ஒரு துப்பாக்கிக் கடைப் பெரியவரிடம் சொன்னேன். சிரிக்கவே இல்லை. "அது தலைக்குங்க தம்பி" என்றார்.

மெல்லிய மெஷின் ஆயில் போதும், அதுவும் ஒரு படலம். தோல் உறையிலோ கம்பளி உறையிலோ மாதக்கணக்கில் வைக்காதீர்கள். உறை ஈரத்தைக் குடித்துவிட்டு இரும்புக்கு ஊட்டும். பீரோவில் நிமிர்த்தி வைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலு போட்டு, மாதம் ஒருமுறை இரும்புச் சட்டியில் வறுத்து ஈரம் போக்கி மறுபடி வையுங்கள். போல்ட்டைத் தனியாகப் பூட்டி வையுங்கள். பிர்னோவில் ட்ரிகரை அழுத்திப் பிடித்துக்கொண்டே இழுத்தால் போல்ட் வெளியே வந்துவிடும். துடைக்கும் கம்பியை அந்தப் பின்பக்கத்திலிருந்துதான் விட வேண்டும். முனைப்பக்கத்திலிருந்து விட்டால் கம்பி உரசி வாய் தேயும். வாய் தேய்ந்த பேரல் வீட்டுச் சுவருக்குத்தான். தோட்டா போடாமல் வெறுமனே ட்ரிகரை அழுத்திப் பார்க்கும் பழக்கமும் வேண்டாம். தோட்டா விளிம்பில் விழ வேண்டிய ஊசி பேரலின் விளிம்பில் விழுந்து பள்ளம் போடும்.

மழையைவிடப் பெரிய எதிரி தேர்தல். தேர்தல் வந்தால் ஒப்படைக்கச் சொல்வார்கள், ஒப்படைத்துத்தான் ஆக வேண்டும். ஒரு தடவை ஸ்டேஷனில் கொடுத்து இரண்டரை மாதம் கழித்து வாங்கினேன். சாக்குக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். பேரலின் மேல் செம்மண் நிறத்தில் ஐந்து விரல் தெளிவாகப் பதிந்திருந்தது. யாரோ வியர்த்த கையோடு தூக்கி வைத்திருக்கிறார். அதற்குப் பிறகு, பாதுகாத்து வைக்க லைசன்ஸ் உள்ள கடையில்தான் வாடகை கொடுத்து வைக்கிறேன். கொடுக்கும் முன் கிரீஸ் கெட்டியாகத் தடவி, மெழுகுத்தாள் சுற்றி, கையோடு ரசீது.

கூடலூரிலிருந்து ஒரு ஆசிரியை: அப்பாவுக்கு 74 வயது. அவருடைய .22-ஐ அவர் இருக்கும்போதே என் பெயருக்கு மாற்ற முடியுமா?

முடியும். 2016 ஆயுத விதிகளின்படி, லைசன்ஸ்காரர் 70 வயதைத் தொட்டாலோ, அந்தத் துப்பாக்கியை 25 வருஷம் வைத்திருந்தாலோ, மகனுக்கோ மகளுக்கோ மாற்றித் தர விண்ணப்பிக்கலாம். உங்களுக்கு 21 வயது முடிந்திருக்க வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு சாதாரண லைசன்ஸ்காரர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது, லைசன்ஸ் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். எல்லையில் இருக்கும் நீங்கள் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். லைசன்ஸ் எந்தப் பரப்புக்குச் செல்லும் என்று அதில் எழுதியிருக்கும். மாவட்டம் என்று மட்டும் இருந்தால், வயநாட்டு உறவினர் வீட்டுக்கு எடுத்துப் போவதுகூடக் குற்றம். நான் கோயம்புத்தூர் ரேஞ்சுக்குப் போவதற்காகவே தமிழ்நாட்டையும் சேர்த்து எழுதி வாங்கினேன். அதற்கு ஒன்பது மாதம் ஆயிற்று. வாளையாறு செக்போஸ்டில் இதுவரை இரண்டு முறை பார்த்தார்கள்.

அப்பா மனசு நோகாமல் கேளுங்கள். என் மகளிடம் நானே பேச்செடுக்க வேண்டும் என்று மூன்று வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

சித்தூரிலிருந்து ஒருவர்: பிர்னோ .22 என்ன விலை போகும்?

1980-களின் நடுவில் பொதுமக்களுக்கு இறக்குமதி நின்றதிலிருந்து, இருப்பதுதான் கைமாறிக்கொண்டிருக்கிறது. அதனால் விலை விற்பவர் வாய்க்கு வந்தது. லைசன்ஸ் உள்ளவருக்குத்தான் விற்க முடியும், அதுவும் கலெக்டருக்கோ ஸ்டேஷனுக்கோ எழுத்தில் தெரிவித்து 45 நாள் கழித்து. என்னுடையதைக் கேட்கிறீர்கள் என்றால், சிங்கத்துக்கு வால் இல்லை, வாங்கி ஏமாறாதீர்கள்.

மீனாட்சிபுரத்திலிருந்து ஒரு தென்னந்தோப்புக்காரர்: என் பிர்னோவின் ஐந்து தோட்டா மேகசின் தொலைந்துவிட்டது. கோயம்புத்தூரில் லேத் பட்டறை வைத்திருக்கும் மச்சான் ஒரே நாளில் செய்து தருகிறேன் என்கிறார்.

மச்சான் செய்வார், சந்தேகமில்லை. அந்த ஊரில் லேத்தில் செய்ய முடியாதது எதுவும் கிடையாது. ஆனால் துப்பாக்கியின் பாகம் செய்ய அவருக்கு லைசன்ஸ் இல்லை. மாட்டினால் இரண்டு குடும்பமும் கோர்ட்டில் நிற்கும். அதே தொழிற்சாலை வழியில் பின்னால் வந்த சி.இசட். 452 ரைஃபிளின் மேகசின் உங்கள் பிர்னோவுக்குச் சரியாகப் பொருந்தும். லைசன்ஸ் உள்ள கடையில் சொல்லி வையுங்கள், எப்போதாவது வரும். அதுவரை ஒவ்வொரு தோட்டாவாகக் கையால் வைத்துப் போல்ட்டை மூடுங்கள். குண்டின் மூக்கு நசுங்காமல் விரலால் மெதுவாகப் பேரலின் பின்வாய்க்குள் தள்ளிவிட்டு மூட வேண்டும். நான் மேகசின் இருந்தும் ரேஞ்சில் அப்படித்தான் சுடுகிறேன். ஒரு பெட்டி ஐம்பது தோட்டா, முக்கால் மணி நேரம் வரும்.